கருங்கலுக்குப் போகாத பிளசர்

அக்கா,

நேற்று ஒரு தகர டின்னால் எனக்கு மானம் போயிற்று. நீ இருந்து கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஆஸ்திரேலியாவில் மகனிடம் வந்திருக்கிறேன். அவன் நாலு நாள் லீவு போட்டு, வாடகைக்கு ஒரு கார் எடுத்து, நாட்டுப்புறத்தைக் காட்டுகிறேன் என்று என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்கிறாய்? காய்ந்த புல்லும் செம்மறி ஆடும்தான். மைல் கணக்கில் மனிதவாடை கிடையாது. ரோடு வகிடு எடுத்த மாதிரி நேராகப் போகிறது. ஒரு வளைவு இல்லை, ஒரு டீக்கடை இல்லை. நான் தூங்கி வழிந்துகொண்டு வந்தேன். மத்தியானம் போல மருமகள் முன்சீட்டிலிருந்து திரும்பி, என் பக்கத்தில் இருந்த டின்னை எடுத்தாள். முந்தின நாள் அவர்கள் வீட்டு அடுப்பில் நான் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. மூடியை நெம்பினாள். வறுத்த பயறும் பாகும் ஏலமும் சுக்கும் சேர்ந்த வாசம், கண்ணாடி அடைத்த காருக்குள் குப்பென்று ஏறியது.

"ஐயோ, திறக்காத பிள்ளே! எண்ணம் குறைஞ்சிரும்!" என்று கத்திவிட்டேன்.

மகன் பயந்துபோய்க் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டான். மருமகள் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள். "யாருக்கும்மா எண்ணி வச்சிருக்கீங்க?" என்று மகன் கேட்டான். "ஒண்ணுமில்ல, தின்னுங்க" என்றேன். அவர்கள் தின்றார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன தையில் நீ போனபோது அழ வேண்டிய மட்டும் அழுதாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கு நாம் போன அந்தக் கார் உனக்கு மறந்திருக்காது. கறுப்பு பிளசர். பிளசர் என்றால் இப்போது யாருக்கும் விளங்காது. அப்போது சொந்தக் கார், வாடகைக் கார், டாக்டர் கார் எல்லாமே நமக்குப் பிளசர்தான். நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர இன்னும் நாலு வருஷம் இருந்தது. எனக்குப் பதினொரு வயது, உனக்கு இருபது. கருங்கல் ஊரில் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருஷத்தில் நீ நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாய். ஏழாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது என்று சொன்னார்கள். "தங்கல்ல" என்ற ஒரு சொல்லோடு அம்மா அந்தப் பேச்சை முடித்துவிடுவாள். நீ பேசுவதே இல்லை. கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுவாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என் தலையைப் பிரித்துப் பின்னிவிடுவாய். பின்னியதைப் பிரித்து மறுபடியும் பின்னுவாய். ஒரு நாளைக்கு மூன்று தடவை சடை போட்டுக்கொண்ட ஒரே பெண் சுசீந்திரம் வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

எட்டு மாதம் கழித்துக் கருங்கலிலிருந்து இரண்டு பேர் பேச வந்தார்கள். பெண்ணைக் கொண்டு விடச் சொன்னார்கள். அப்பாவுக்குத் தலை நிமிர்ந்தது. மகளை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை அல்லவா, அவருக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் கொண்டுவந்து விடுவதாக வாக்குக் கொடுத்தார். உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. நான் எண்பது தாண்டிய பிறகும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மாட்டுவண்டியில கொண்டு விட்டா பாரத்த எறக்கி வைக்க வந்த மாதிரி இருக்கும். பிளசர்ல போயி எறங்கணும். பொண்ணுக்கு ஆளு இருக்குண்ணு அந்த ஊரு பாக்கணும்" என்றார் அப்பா.

அம்மா அதிலும் ஒன்று சேர்த்தாள். "நாள் பூரா வண்டி நமக்குத்தான்லா. அப்படியே திற்பரப்பு அருவியில கொண்டு போயி அவள ஒரு குளி குளிக்க வச்சிட்டுப் போவோம். பட்ட பாடெல்லாம் அதோட போவட்டும்."

திற்பரப்பு கருங்கலுக்குப் போகும் வழியே இல்லை, பெரிய சுற்று. ஆனாலும் அப்பா சம்மதித்தார். கொண்டு விடும் பயணம் இப்படித்தான் உல்லாசப் பயணமாக மாறியது. அம்மா மூன்று நாள் அடுப்படியிலேயே கிடந்தாள். சீருக்கு நூற்றொரு கொத்து. மூன்று மூன்று உருண்டையாக ஒட்டிப் பொரித்து, ஒன்றுகூட உடையாமல் டின்னில் அடுக்கி, மூடிக்கு மேல் வெள்ளைத்துணி போட்டுக் கட்டி, முடிச்சில் மஞ்சள் தடவினாள். நம் வீடுகளின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. அந்த முடிச்சை மாமியார்தான் அவிழ்க்க வேண்டும், அவிழ்த்ததும் எண்ணிப் பார்ப்பாள். எண்ணம் குறைந்தால் பெண்ணுக்கு ஆகாது. பெண்ணைப் பெற்றவர்கள் அதில் ஒரு பொட்டு வாயில் போடக் கூடாது. டின்னைக் கால்படும் இடத்தில் வைக்கவும் கூடாது. அதனால் அது உன் மடிக்கு வந்தது.

நாகர்கோவிலிலிருந்து டிரைவர் ஞானமுத்து காலையிலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாம் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

"செபம் முடிஞ்சா எடுக்கலாம்லா வே?" என்றார் அப்பா.

"முடிஞ்சுது ஐயா. பிரேக்கு கொஞ்சம் மோசம். அதான் கூடக் கொஞ்சம் செபிச்சேன்."

அம்மா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்து அழுத்திக்கொண்டாள். உனக்கு மட்டும் உதடு லேசாகக் கோணியது. நான் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. அன்றைக்கு உன் கஷ்டம் எதுவும் என் மனதில் இல்லை. கார்தான் இருந்தது. சீட்டின் தோல் தொடையில் ஒட்டிக்கொண்டு சுட்டது, பெட்ரோல் வாசம் தலைக்கு ஏறியது, எல்லாம் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ரப்பர் ஹாரனை அவர் அமுக்கும்போதெல்லாம் கோழிகள் சிதறி ஓடின. தெருப்பிள்ளைகள் "ஏலே, பிளசர் வருகு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். நான் ராணி மாதிரி அவர்களைப் பார்த்தேன். அப்பா கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டே வந்தார். தெரிந்தவர் யாராவது பார்க்க மாட்டார்களா என்று அவருக்கு அரிப்பு. தக்கலை வரைக்கும் தெரிந்தவர் ஒருவரும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டபோது அம்மா ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வயல் முடிந்து தென்னை வந்தது, தென்னை முடிந்து பலாவும் ரப்பரும் வந்தன. வேளிமலை கொஞ்ச தூரம் நம்மோடு கூட வந்து பின்தங்கியது. நான் இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்று உன்னை உலுக்கிக்கொண்டே இருந்தேன். நீ டின்னை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு வரும்போதெல்லாம் அதற்கு அதிர்வு படாமல் தூக்கிக் கொடுத்தாய். நீ அப்படிப் பிடித்திருந்ததை அம்மா ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்குத் திருப்பினாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

திற்பரப்பில் தண்ணீர் நிறைய விழுந்தது. டின்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் போனாய். முதுகில் தண்ணீர் அறைந்ததும் நீ சிரித்தாய் பார், எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பல் அத்தனையும் தெரிய, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாய். எனக்கும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி கத்தினோம். கரையில் நின்ற அம்மா, "மதி பிள்ளேளா, குளிச்சது போதும், சளி பிடிக்கும்" என்று கத்தினது நமக்குக் கேட்கவே இல்லை. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் சரி.

பிறகு பாறையில் உட்கார வைத்து என் தலையைத் துவட்டினாய். அப்போதுதான் கேட்டாய்.

"ஏட்டி, நாம வீட்டுக்குப் போயிருவமா?"

"கருங்கலுக்குல்லா போறோம்?"

"போகாம வீட்டுக்குப் போனா?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "வேண்டாம்க்கா. கருங்கலுக்குப் போனா இன்னும் கொஞ்ச நேரம் கார்ல இருக்கலாம்லா" என்றேன்.

"செரி மக்கா" என்று துண்டைப் பிழிந்தாய். பிற்காலத்தில் எத்தனையோ தடவை இதை உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்திருக்கிறேன். ஒருமுறை கேட்டும்விட்டேன். "ஏட்டி போ, பதினோரு வயசுல நானும் அதத்தான் சொல்லிருப்பேன்" என்றாய். நீ அப்படித்தான் சொல்வாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மரத்தடியில் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் சாப்பிட்டோம். டிரைவருக்கும் இலை போட்டார் அப்பா. அதன்பின் மார்த்தாண்டம் வழியாகக் கருங்கல் பக்கம் திரும்பினோம். ரோடு போகப் போக ஒடுங்கியது, பேச்சும் ஒடுங்கியது. நீ மறுபடியும் டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். உன் முடி இன்னும் காயவில்லை, முதுகெல்லாம் ஈரம். ஒரு ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது.

"பயப்படாதீங்க, தண்ணி கொதிக்குகு. இந்தா, ஓடை இருக்கு. கருங்கலுக்கு இனி நாலு மைலுதான்" என்று டிரைவர் வண்டியை நிறுத்தினார். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அப்பாவும் கால் நீட்ட இறங்கினார். அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

நாலு மைல் என்ற சொல் உன்னை என்ன செய்ததோ. நீ முடிச்சை அவிழ்த்தாய். நிதானமாக அவிழ்த்தாய், பல்லால் கடித்து இழுக்கக்கூட இல்லை. துணியை மடித்துச் சீட்டில் வைத்தாய். வளையலால் மூடியை நெம்பினாய். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நீ ஒரு கொத்தை எடுத்து உடைத்து, பிளந்த என் வாய்க்குள் ஒரு உருண்டையைப் போட்டாய். இன்னொன்றை நீ தின்றாய். மூன்றாவதை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "டிரைவர் அண்ணாச்சி, இந்தாங்க" என்றாய்.

வாசத்தில் அம்மா கண் திறந்தாள்.

"பாவி மட்ட! என்ன காரியம்ட்டி செஞ்ச? சீரல்லாட்டி அது!"

அப்பா ஓடிவந்தார். அவர் அடிப்பாரா என்று தெரியாது, அதுவரை அடித்ததில்லை. ஆனால் உன்னை எதுவும் சொல்லிவிடுவாரோ என்று பயம். வாயில் பயறு மாவு அடைத்திருக்க, "நான்தான் அப்பா திறந்தேன். பசிச்சுது" என்றேன்.

"அவ இல்ல. நான்தான்" என்றாய் நீ.

அம்மாவின் மூளை என்ன வேகத்தில் வேலை செய்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். "செரி, ஒண்ணும் கெட்டுப் போகல்ல. ஒரு கொத்துதான கொறஞ்சிருக்கு? கருங்கல் சந்தையில ஆருட்டயாவது கேட்டு ஒண்ணு வாங்கி வச்சிக் கட்டிருவோம். மஞ்சள் எங்கிட்ட இருக்கு" என்றாள். அவள் நிஜமாகவே முந்தானையில் மஞ்சள் முடிந்து வைத்திருந்தாள். எண்ணம் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். பாவம் அம்மா.

நீ உடனே இன்னொரு கொத்தை எடுத்து உடைத்தாய். பிறகு இன்னொன்று.

"நிறுத்துட்டி!" என்றார் அப்பா. "நான் வாக்குக் குடுத்திருக்கேன். அங்க நாலு பேரு காத்துக்கிட்டு நிப்பாவ. அவிய மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஒனக்கு என்னட்டி கொற அந்த வீட்டுல?"

கேட்டுவிட்டார். கோபத்தில் கேட்டாலும் கேட்டுவிட்டார். அதற்குத்தான் நீ காத்திருந்தாய் போலிருக்கிறது.

"காலம்பற தொடங்கிச்சு அப்பா நோவு" என்று ஆரம்பித்தாய். குரல் உயரவில்லை. "ஏழு மாசத்துல வரப்பிடாத நோவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கண்ணு சொன்னேன். வண்டி கொப்பரைக்குப் போயிருக்கு, வந்த ஒடனே போலாம்ணாவ. மத்தியானம் வண்டி வந்துது. எறக்கிட்டு அடுத்த நடைக்குப் போச்சு. மறுநாளு சந்தை நாளு. அண்ணைக்கும் வண்டி போச்சு. நான் வாசல் நடையில உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒம்ம மருமகன் எத்தன மூட்டைண்ணு எண்ணிக்கிட்டு நிண்ணாரு. மூணாம் நாளு வண்டி ஒழிஞ்சு கெடச்சுது. அப்பம் எல்லாம் முடிஞ்சு போச்சு."

டிரைவர் வாளியோடு வந்தவர் அப்படியே திரும்பி ஓடைப்பக்கம் போய்விட்டார்.

"இப்பம் என்னைக் கொண்டு விட பிளசர் வந்திருக்கு. அண்ணைக்கு எனக்கு ஒரு மாட்டுவண்டி வரல்ல அப்பா."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல்ல? பெத்தவட்ட ஏம்ட்டி சொல்லல்ல?"

"ஆரும்மா கேட்டா?"

அப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டைப் பார்த்தார். கருங்கல் பக்கம் பார்த்தார். அவருக்கு வாக்கு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்குக் களத்துக்கு வராத ஆளோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர் அவர். அந்த நிமிஷத்தில் அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று நான் யோசித்துப் பார்த்து முடிந்ததில்லை. அவர் குனிந்து, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, உன் மடியில் இருந்த டின்னிலிருந்து ஒரு முழுக் கொத்தை எடுத்தார். கடித்தார். மென்றார். பெண்ணைப் பெற்றவர், சீர்ப் பலகாரத்தை, நடுரோட்டில் நின்றுகொண்டு.

அம்மா விக்கித்துப் போனாள். அதன்பிறகு எந்தச் சந்தையில் எதை வாங்கி வைத்துக் கட்டினாலும் அது சீர் ஆகாது.

"டிரைவரே" என்று கூப்பிட்டார். வாயில் பலகாரம் இருந்ததால் குரல் சரியாக வரவில்லை. விழுங்கிவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். "வண்டிய திருப்ப எடமிருக்கா வே?"

"இல்லாட்டியும் திருப்பலாம் ஐயா" என்றார் ஞானமுத்து.

ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் மண்திட்டு. முன்னே போய், பின்னே வந்து, முன்னே போய், ஆறேழு தடவை ஆட்டி அவர் அதைத் திருப்பியதைப் போல ஒரு சாமர்த்தியத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. நீ அழ ஆரம்பித்தாய். சத்தம் போட்டு அழுதாய். அம்மா உன் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். டின் என்னிடம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் தின்றுகொண்டே வந்தேன்.

ஊருக்குப் போய் என்ன சொல்வது? அதற்கும் அப்பா வழியில் ஒரு யோசனை கண்டுபிடித்துவிட்டார். தெருவில் இறங்கியதும் நாலு பேர் கூடினார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்னவ பசி பொறுக்காம சீர் டின்னத் திறந்துட்டா. சகுனம் சரியில்ல, திரும்பிட்டோம்" என்றார். நான் சொன்ன பொய்யை எனக்கே திருப்பிக் கொடுத்தார்! உன் கதை ஊர்வாயில் விழாமல் இருக்க அப்போதைக்கு அவருக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. எனக்குச் "சீர்தின்னி" என்ற பட்டம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சீர்தின்னி, குளத்தில் சீர்தின்னி. என் கல்யாணத்தின்போது என் மாமியார் வீட்டுக்கு இரண்டு டின் அனுப்ப வேண்டும், ஒன்று வழிக்கு என்று ஒரு சித்தி எல்லார் முன்னாலும் கேலி செய்தாள். நீ எழுந்து போய் உண்மையைச் சொல்லப் பார்த்தாய். நான் உன் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கருங்கலிலிருந்து மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். இந்த முறை அப்பா பேசினார், அம்மா அதைவிட அதிகமாகப் பேசினாள். அவர்கள் போனபிறகு அந்த ஊர்ப் பெயரை நம் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நீ நம்மோடு தங்கினாய். மெல்ல மெல்ல வயல் காரியம், களத்துக் காரியம் எல்லாம் உன் கைக்கு வந்தது. நம் மாட்டுவண்டியும் உன் கைக்கு வந்தது. அதன்பின் நீ போட்ட சட்டத்தைத் தெருவில் எல்லாரும் அறிவார்கள். எந்த வீட்டுப் பெண்ணுக்காவது மாதம் நெருங்கிவிட்டால் நம் வண்டி நடையை விட்டு நகரக் கூடாது. அவர்கள் நம் ஆட்களா, வேறு ஆட்களா என்பதெல்லாம் கிடையாது. அறுப்பு நாளில் அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

"கதிரு வயல்ல கெடக்குட்டி!"

"கெடக்கட்டும் அப்பா. கதிருக்கு நோவு வராது."

என் தலைப்பிரசவத்துக்கு நான் வந்தபோது பத்து நாள் மாட்டை நீ மேயவே விடவில்லை. புல்லை அறுத்து நடையிலேயே போட்டாய். ஒரு பகல்வேளையில் எனக்கு வலி எடுத்தது. வண்டிக்காரர் மடையில் நின்றார். நீ அவருக்காகக் காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீயே ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துவிட்டாய். பெண்பிள்ளை வண்டி ஓட்டுகிறாள் என்று சுசீந்திரம் தெப்பக்குளத்துப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை. நாகர்கோவில் வரைக்கும் "பைய மக்கா, பைய" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். என்னிடம் சொன்னாயா, மாட்டிடம் சொன்னாயா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கினார்கள். நான் உன் கையை விடவில்லை. நீதான் மெதுவாக விடுவித்துக்கொண்டாய்.

"நான் உள்ள வரல்ல மக்கா. வண்டியப் பாத்துக்கிடுகேன்."

அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் நீ வரவில்லை. அன்று முழுதும் வெயிலில் மாட்டின் பக்கத்திலேயே நின்றிருக்கிறாய். பிள்ளை பிறந்த சேதியை அம்மா வந்து சொன்னபோதும் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாயாம். "ரெண்டு பேரும் செரியா இருக்காவளா?" என்று மட்டும் கேட்டாயாம்.

அதன்பிறகு அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டினாய், தோளில் போட்டு வளர்த்தாய், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாய். அவன்தான் நேற்று எனக்காக ரோட்டோரத்தில் காரை நிறுத்தியவன். இன்றைக்கும் அவன் எங்கே கூட்டிப்போனாலும், இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று முதலில் கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உன்னிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் அது, நான் விடமாட்டேன்.

ஆனால் அக்கா, நான் சுமப்பது அது மட்டுமில்லை. நேற்றிரவு படுக்கையில்தான் எனக்கு அது உறைத்தது. அந்த ரோட்டில் நீ வண்டியைப் பற்றிச் சொன்னாய், மூட்டையைப் பற்றிச் சொன்னாய், மூன்றாம் நாளைப் பற்றிச் சொன்னாய். கேட்டோம், அழுதோம், திரும்பினோம். எல்லாரும் உன்னைப் பற்றி நினைத்தோம். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உன்னோடு எழுபது வருஷம் இருந்திருக்கிறேன். உன் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன், உன் கடைசிக் காலத்தில் உன் வாயில் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். ஏழு மாதம் வயிற்றில் வைத்திருந்தாயே, அதன் முகம் பார்த்தாயா, யார் ஜாடை, எங்கே வைத்தார்கள் என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. கேட்டால் உனக்கு வலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆரும்மா கேட்டா?" என்று நீ சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். அப்படியிருந்தும் கேட்கவில்லை.

அப்பா இல்லை, அம்மா இல்லை. கருங்கலில் அந்த வீட்டு ஆட்களும் இப்போது இருக்க மாட்டார்கள். தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீயும் போய்விட்டாய். பதில் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவையாவது யாராவது உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கிறேன்.

ஆண்பிள்ளையா அக்கா, பெண்பிள்ளையா?